நம்பிக்கையை வளர்ப்பது வெற்றியா, தோல்வியா?

ஒரு கால்பந்து அணிக்குத் தன்மேல் நம்பிக்கையை மிகுதியாக ஊட்டுவது எது? 'வெற்றியே' என்று உடனே விடை கூறிவிடுவோம். ஆயினும் 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியை எண்ணும்போது, அவ்விடை அத்துணை எளிதன்று எனத் தோன்றுகிறது.

அங்கே இந்திய அணி தன் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, தென் வியட்நாமை 3-2 என வென்று, செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை எதிர்கொண்டது. தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையலுடன் இருந்தார். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றியிருந்தார். இலக்கைப் பீட்டர் தங்கராஜ் காத்தார். போட்டியிலிருந்து இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியரான சோந்தி கண்டித்திருந்தமையால், உள்ளூர்ப் பார்வையாளர் நம்மவரை எள்ளிக் கூச்சலிட்டனர். அதனிடையே பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு கோல் அடிக்க, 2-1 எனத் தங்கம் கிடைத்தது.

அப்படியாயின் தோல்வியே ஆசான் எனலாமா? அதுவும் சரியன்று. இடையில் பெற்ற மூன்று வெற்றிகள் இல்லையேல் முதல் தோல்வி அச்சமாகவே தங்கியிருக்கும். தொடர்ந்து தோற்கும் சிறுவர்களிடம் 'தோல்வி நல்லது' என்று உபதேசிப்பது கொடுமை. அவர்கள் வெல்லக்கூடிய ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்து தருவதே முறை.

வெற்றியின் குறை வேறு. அது காரணத்தை மறைத்துவிடும். பரளச்சியைச் சுற்றிய மானாவாரி நிலத்தில் பருவம் தவறாது மழை பெய்து விளைந்த ஆண்டில், விளைவித்தது மழையா, விதையா, தம் கையா என்று எவர் ஆராய்கிறார்? பொய்த்த ஆண்டில்தான் விதையையும் உழவையும் உற்று நோக்குவர். 1951-இல் டெல்லியில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்ற நம் அணி, மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என வீழ்ந்தது. அக்குளிரில் நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதன் பின்னரே காலணி கட்டாயமாயிற்று. 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காமிடம் வரை சென்றனர்.

உள்ளதை உள்ளவாறு காண்பதை நாம் நற்காட்சி என்கிறோம். கண்மூடி நம்புவதை அன்று. ஹெல்சிங்கித் தோல்வி அவ்வாறு காணப்பட்டது. அதனால் பயன் தந்தது.

ரஹீம் 1963-இல் புற்றுநோயால் மறைந்தார். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடமும், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலமும் பெற்றது. அங்கே கால்பந்துத் தங்கம் இன்றுவரை மீண்டும் வந்ததில்லை. ஜகார்த்தாவில் கண்ட நம்பிக்கை பதினொருவரிடமும் இருந்ததா, அவர் ஒருவரிடமே இருந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.