மருந்தின் விலையை விதிப்பது யார்?

கிருமிக்குச் சாதியில்லை, வர்க்கமில்லை என்பர். உண்மையே. ஆனால், அக்கிருமியை அடக்கும் மருந்துக்கு வர்க்கம் உண்டு. ஒருவன் நோயுறுவது இயற்கையின் செயலாகலாம். மருந்து இருந்தும் கிட்டாமல் அவன் சாவது மனிதர் இயற்றிய சட்டத்தின் செயலாகும். இதனை விதியென்று கூறி ஆறுதல் சொல்வோர் இன்றும் உளர். அவ்விதியை எழுதியவர் எவர் என்பதே நமது கேள்வி.

எயிட்ஸ் நோயின் வரலாற்றை நோக்குவோம். மூன்று மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டால் நோயாளர் நெடுங்காலம் வாழலாம் என்பது 1996 ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. செல்வ நாடுகளில் மரணம் விரைந்து குறைந்தது; நோயாளரிற் பெரும்பாலோர் வாழ்ந்த ஆபிரிக்காவிலோ அது பெருகியது. காரணம் விலை. ஒருவருக்கு ஓராண்டுக்கான மருந்து 10,000 டொலருக்கு மேல் விற்கப்பட்டது. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லாக் கம்பனி அத்தகைய மும்மருந்தை 350 டொலருக்குத் தர முன்வந்தது. அதனை இயல்விப்பதிற் பெரும்பங்கு வகித்தது ஒரு சட்டம். மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்காது, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே வழங்கிற்று 1970 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். வேறொரு முறையால் அதே மருந்தைச் செய்வது அங்கு குற்றமாகவில்லை. ஒரு பாராளுமன்றத்தின் முடிவு முப்பது ஆண்டுகளின் பின் கடல்கடந்த மக்களின் உயிரைக் காத்தது.

தென்னாபிரிக்க அரசு மலிவான மருந்தைத் தருவிக்க 1997 இற் சட்டமியற்றியபோது, மருந்துக் கம்பனிகள் திரண்டு மறு ஆண்டே வழக்குத் தொடுத்தன. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் முன் 2001 ஏப்ரிலில் அதனைக் கைவிட்டன. ஆயின், அவ்வெற்றியைப் பெற்ற அரசே, நோயின் காரணத்தை ஐயுற்ற தன் சனாதிபதி தபோ எம்பெக்கியின் கொள்கையால் மருந்து வழங்கத் தயங்கிற்று. தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றாமற் காக்கும் மருந்தை வழங்குமாறு 2002 இல் நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. அந்நியக் கம்பனியை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் அமைதியடைய இயலாது.

இலாபமின்றேல் புதிய மருந்தை எவர் ஆராய்வார் என்று கேட்பர். ஆராய்ச்சிக்குச் செலவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எயிட்சுக்கு முதன்முதல் வழங்கப்பட்ட ஏ.இசட்.ரி. என்னும் மருந்து, 1964 இல் அமெரிக்க அரசின் பணங்கொண்டு நடந்த புற்றுநோய் ஆராய்ச்சியிற் பிறந்ததாகும். பொதுமக்கள் பணத்தால் விளைந்த அறிவைப் பொதுமக்களுக்கே எட்டாத விலைக்கு விற்பது எந்த அறத்தின்பாற்படும்?

நமது நாடும் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டதுண்டு. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த கொள்கைப்படி 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. தேவையான மருந்துகளைத் தெரிந்து, வணிகப் பெயரை நீக்கி, பொதுப்பெயரால் உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்குவதே அதன் வழி. பிற வறிய நாடுகளுக்கும் அவ்வழியைக் காட்டும் பணியில் ஈடுபட்டிருந்த பிபிலே, 1977 இற் கயானாவிற் காலமானார்.

அவர் மறைந்த ஆண்டிலேயே இங்கு பொருளாதாரக் கொள்கை மாறியது. மருந்து இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவும் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கமைய 2005 இல் மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்கத் தொடங்கிற்று. சட்டத்தால் வந்த நன்மை சட்டத்தாலேயே பறிபோகும். ஆதலின், மருந்தின் விலையை வைத்தியரதும் வணிகரதும் விவகாரமென விட்டுவிட நமக்கு உரிமையில்லை. வாக்களிக்கும் கைக்கு அதில் பங்குண்டு. வாளாவிருக்கும் வாய்க்கும் உண்டு.