திக்கி ஓதும் பிள்ளைக்கு இரட்டைக் கூலி



பிறருக்கு உபதேசம் சொல்லுமுன் நம் குற்றத்தை நாமே சொல்லிவிடுவது நல்லது. நாம் ஸனது பெற்று வந்த புதிதில் கடலோர ஊர் ஒன்றின் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். இரண்டு வருடமாக அலிப், பே-யைத் தாண்டவில்லை. புள்ளி கீழே இருந்தால் பே, மேலே இரண்டிருந்தால் தே, மூன்றிருந்தால் ஸே என்று எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் மாற்றியே வாசிப்பான். அவனோடு சேர்ந்த பிள்ளைகள் அம்ம ஜுஸ்வுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவன் உம்மா வீட்டில் ஓதுவதைக் கேட்டுக் கேட்டே யாஸீன் சூராவில் பாதியை மனப்பாடமாக ஓதுவான். இதைக் கண்ட நாம் என்ன முடிவுக்கு வந்தோம் தெரியுமா? "இவனுக்குப் புத்தி இருக்கிறது, சோம்பேறித்தனம்தான்" என்று முடிவு கட்டினோம். பிரம்பை எடுத்தோம். பிள்ளை மக்தபுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

காரணம் கேட்க வீட்டு வாசலுக்குப் போனபோது அந்தத் தாய் கதவோரம் நின்று சொன்ன வார்த்தை இன்றும் காதில் ஒலிக்கிறது: "அசரத்து, புள்ளை ஓதமாட்டேன்னு சொல்லல. உங்களை நினைச்சாத்தான் பயமா இருக்குதாம். ஸ்கூலுக்கு மட்டும் அழாமப் போறான். நீங்க ஒருதரம் அங்கே போய்ப் பாருங்க."

போனோம். ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிதான். வாரத்தில் சில நாள் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை ஒருவர் வருவார். ஒரு தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி, அந்தப் பையனின் விரலைப் பிடித்து ஒரே ஓர் எழுத்தை எழுத வைத்துக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே அதன் ஓசையை வாய்விட்டுச் சொன்னான் பையன். பிறகு அதே எழுத்தைக் களிமண்ணில் உருட்டிச் செய்தான். அன்றைய பாடம் அவ்வளவே. அந்த அம்மையார் நம்மிடம் விளக்கினார்: இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். அறிவில் குறைவில்லை. எழுத்தின் வடிவத்தையும் ஓசையையும் சேர்த்துப் பிடிப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம் இது. கண்ணால் மட்டும் படிக்கச் சொல்லாமல் கையாலும் காதாலும் படிக்க வைத்தால், மெதுவாக வந்துவிடும். கடைசியில் அவர் கேட்டார்: "அடிச்சா புள்ளி இடம் மாறாம நிக்குமா, இமாம் ஐயா?" நம்மிடம் பதில் இல்லை.

சகோதரர்களே! பதில் நம் திருமறையில் இருந்தது. நாம்தான் மறந்திருந்தோம். "அபஸ" என்ற சூரா இறங்கிய வரலாறு நம் வீடுகளில் அறியாதார் இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களைத் தீனின்பால் அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டி வந்தார்கள். அந்த வேளையில் தோன்றிய சிறு முகமாற்றத்தை அல்லாஹ் சுட்டிக்காட்டித் திருத்தினான். கேட்டவரோ பார்வையற்றவர், அம்முகமாற்றத்தை அவர் கண்டிருக்கவே முடியாது. அப்படியிருந்தும் கற்க வந்தவரின் உரிமையை அல்லாஹ் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் அதே தோழர் நாயகத்தின் முஅத்தினாக நியமிக்கப்பெற்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் மக்தபுப் பையனுக்குக் கண்கள் இருந்தன. அவன் நம் முகச்சுளிப்பையும் பார்த்தான், பிரம்பையும் பார்த்தான்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். நோயுற்ற தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள், நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு கற்பித்தார்கள். தொழுகையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. நின்றே தீரவேண்டும் என்றும் சொல்லவில்லை. கடமை ஒன்று, நிறைவேற்றும் வழி பல. நீண்ட சூராக்களை ஓதித் தொழவைத்த முஆத் (ரலி) அவர்களை, பின்னால் நிற்போரில் பலவீனரும் முதியோரும் உண்டென்று எச்சரித்தார்கள். ஜமாஅத்தின் வேகத்தை நிர்ணயிப்பவர் பலசாலி அல்லர், பலவீனரே!

இன்று நல்ல தொடக்கப்பள்ளி செய்வதும் இதுவே. காது மந்தமான பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் அவன் முகம் பார்த்து ஆசிரியர் பேசுகிறார். பார்வை குறைந்தவனுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம், அறவே இல்லாதவனுக்குத் தொட்டுப் படிக்கும் பிரெயில். நடக்க இயலாதவனுக்குப் படிக்குப் பக்கத்தில் சாய்தளம், கழிப்பறையில் கைப்பிடி. கூச்சலைத் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்கு, இன்ன வேலைக்குப் பின் இன்ன வேலை என்று படம் வரைந்த அட்டை. அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ளவனுக்கு, ஒரு பாடத்தைப் பத்துத் துண்டாக்கி நாளுக்கொரு துண்டு. பக்கத்தில் உதவிக்கு ஒரு தோழன். மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு துஆச் செய்தபோது, ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள் அல்லவா? துணை கேட்பது இழிவன்று, நபிமார் வழி.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைத் தந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. அந்தப் பையனுடைய கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பென்று சான்று பெற்ற பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. கடுமையான பாதிப்பால் பள்ளிக்கு வர இயலாதோர் வீட்டிலிருந்தே கற்கவும் வழியுண்டு. ஆயினும் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியவர். அவர் வராத நாட்களில் வகுப்பாசிரியரும் வீடுமே அப்பிள்ளைக்குத் துணை.

தாய்மார்களே! இனி உங்களிடம் சில வார்த்தை. பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லையா, உரிய வயதில் பேச்சு வரவில்லையா, அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று மறைக்காதீர்கள். "மூத்தவளுக்கு வரன் தட்டிப்போகும்" என்று இளையவனை உள்ளறையில் வைத்துப் பூட்டுவது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி. கண்ணேறு, ஜின் கோளாறு என்று ஊர் ஊராக அலைந்து வருடங்களைக் கழிக்காதீர்கள். துஆ முஃமினின் ஆயுதம்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம். செவியைச் சோதிப்பதும் அந்தக் கட்டைப் போடுவதே. எவ்வளவு சிறு வயதில் கண்டறிகிறோமோ அவ்வளவு நன்மை. வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிறகு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பள்ளி ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தெரிந்தால்தானே அவர் உதவ முடியும்?

மக்தபு நடத்தும் ஜமாஅத்தார்களே, உஸ்தாதுமார்களே! கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம் மதரஸாக்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. நாளை மஹ்ஷரில் அந்த விலக்குச் சீட்டைக் காட்ட முடியுமா? ஒரே நாளில் பே, தே, ஸே மூன்றையும் திணிக்காமல் ஒன்று நிலைத்தபின் மற்றதைக் கொடுங்கள். கண்ணால் பிடிபடாதவனுக்குக் காதால் கொடுங்கள். ஒளுச் செய்யும் இடத்துக்கு ஒரு சாய்தளம் கட்டப் பெருஞ்செலவு ஆகாது. "நொண்டி", "செவிடு", "மந்தம்" என்ற பட்டப்பெயர்களைப் பள்ளிவாசல் வளாகத்திலிருந்து ஒழியுங்கள். பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் "ஹுஜுராத்" சூரா தெளிவாகத் தடுத்திருக்கிறது.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு மறுபடி அவன் வாசலுக்குப் போய், அவன் உம்மாவின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் அஸருக்குப் பின் வந்து கதவோரம் உட்கார்ந்தான். நாம் ஒரு தட்டில் மணல் கொண்டுவந்து வைத்தோம். பாத்திஹா சூராவை எழுத்துப் பார்த்து அவன் ஓதி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

குர்ஆனைச் சரளமாக ஓதுவோருக்கு உயர்ந்த அந்தஸ்து உண்டு. திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுவோருக்கு இரண்டு கூலி உண்டு என்பது நாயக வாக்கின் கருத்து. அந்த ஹதீஸை நாம் மதரஸாவில் எத்தனையோ முறை ஓதியிருந்தோம். அதன் பொருளை நமக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாது அந்தச் சிறுவன்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளில் பலவீனர்களை எங்களுக்குச் சுமையாகக் காட்டாதே, அமானிதமாகக் காட்டு. எங்கள் கைகளால் அவர்களுக்கு நேர்ந்த துன்பத்தை மன்னித்தருள். அவர்களுக்குப் பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர் அனைவருக்கும் நற்பேறு அளிப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.