காரணம் எழுதும் கட்டம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலைக் கணக்கு அவசரப்படாது. 2023ஆம் ஆண்டுக்கானது 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. இறந்த மாணவர்கள் 13,892 பேர். 2013இல் 8,423 பேர். 2023இன் அதே அட்டவணையில் விவசாயத் துறையினர் 10,786 பேர். விவசாயி செத்தால் சட்டமன்றத்தில் ஒரு கேள்வியாவது எழும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஓட்டுப் போடும் வயதே ஆகவில்லை.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் எழுதியாக வேண்டும். காவல் நிலையத்தில் தொடங்கும் பதிவு அது. துக்க வீட்டில் சொன்னதில் எது கட்டத்துக்குள் அடங்குமோ அதுவே காரணம். 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டு மாண்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 'தேர்வில் தோல்வி' என்று எழுதப்பட்டது 864 பேருக்கு மட்டுமே. பெரிய கட்டம் 'குடும்பப் பிரச்சினை'. படிப்பை நிறுத்திக் கல்யாணத்துக்கு நாள் குறித்தது, சாதி பார்த்துக் காதலைப் பிரித்தது, குடித்துவிட்டு வந்த அப்பா அடித்தது, யாரும் கவனிக்காத மனச்சோர்வு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். குடும்பத்துக்கும் சங்கடமில்லை, அரசுக்கும் வேலையில்லை.

ராஜஸ்தானின் கோட்டாவில் 2023இல் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, வகுப்புத் தேர்வுகளை இரண்டு மாதம் நிறுத்தச் சொன்னது மாவட்ட நிர்வாகம். நல்லதுதான். ஆனால் சுமார் ஒரு லட்சம் எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு இருபது லட்சம் பேர் முட்டும் நீட் கணக்கு அப்படியே இருந்தது.

தமிழ்நாட்டில் ஒரு சின்னக் காரியம் நடந்தது. பிளஸ் டூவில் தோற்றவர் ஓராண்டு வீட்டில் கிடக்காமல், சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம் என்றாயிற்று. 1986இல் சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் வற்புறுத்திய மாற்றம். தேர்வுத் தோல்விச் சாவுகள் அதன்பின் குறைந்தன. புதிய மருந்தோ பெரும் நிதியோ வேண்டியிருக்கவில்லை. தேர்வு அட்டவணையில் ஒரு தேதி போதுமாயிருந்தது. 2017இல் பொதுத் தேர்வின் ரேங்க் பட்டியலையும் அரசு கைவிட்டது. பள்ளிக்கூட வாசல் பிளெக்ஸ் பேனர்களுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

2030க்குள் தற்கொலைச் சாவைப் பத்து விழுக்காடு குறைப்போம் என்றது 2022இல் வந்த தேசியத் திட்டம். மறு ஆண்டே எண்ணிக்கை ஏறியது.

"செத்துடலாம்போல இருக்கு" என்று வீட்டுப் பிள்ளை சொன்னால், மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.