ஜ்யோதிஷ்குடியில் தளராத திருவுள்ளம்



இன்று குடையும் சாமரமும் சூழப் புறப்பாடு கண்டருளும் திருவரங்கத்து நம்பெருமாள், ஒரு காலத்தில் காட்டு வழியே மறைந்து எழுந்தருள நேர்ந்தது. 1323ஆம் ஆண்டில் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கிற்று. மூலவரை மறைத்துக் கற்சுவர் எழுப்பப்பட்டது. உத்ஸவரான அழகிய மணவாளனைப் பல்லக்கில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. அக்கூட்டத்தை நடத்திச் சென்றவர், ஸ்ரீவசனபூஷணம் முதலிய ரஹஸ்ய க்ரந்தங்களை அருளிச்செய்த பிள்ளை லோகாசார்யர். அப்பொழுது அவர் வயது மிக முதிர்ந்தவர்.

வழியில் கள்வர் மறித்துத் திருவாபரணங்களைக் கவர்ந்தனர் என்று குருபரம்பரை கூறும். ஆசார்யர் தம்மிடமிருந்தவற்றையும் கொடுத்துவிட்டார். பெருமானுடைய திருமேனிக்கு ஊறு நேரவில்லை, அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

உலகைக் காப்பவனையே மனிதர் காக்க ஓடுவதா, அவனிடத்தில் நம்பிக்கை குறைந்ததா என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் பெரியாழ்வார் வழி வேறு. கருடன் மேல் காட்சி கொடுத்த எம்பெருமானைக் கண்டு, 'எனக்கு என்ன தருவாய்' என்று அவர் கேட்கவில்லை. இவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். தன்னைக் காப்பான் என்கிற மஹாவிச்வாஸம் முற்றினவனுக்குத் தன்னைப் பற்றிய பயம் ஒழிகிறது. எஞ்சி நிற்பது பெருமானிடத்துப் பரிவு ஒன்றே. அந்தப் பரிவுதான் தளர்ந்த முதியவரைக் காட்டிலே நடத்திற்று.

மதுரைக்கருகே, ஆனைமலையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் அவருடைய சரீரம் ஓய்ந்தது. இன்று அவ்வூர் கொடிக்குளம் என வழங்குகிறது. திருவரங்கம் மீளவில்லை, பெருமான் எங்குச் செல்வார் என்பதும் தெரியவில்லை. உலகக் கணக்கில் இது தோல்வியே. ஆசார்யரோ அப்பொழுதும் அடுத்த காரியத்தையே நினைத்தார். மதுரையில் ராஜகாரியத்தில் அமர்ந்திருந்த திருமலையாழ்வாரை ஸம்ப்ரதாயத்துக்கு மீட்டுக் கொணருமாறு கூரகுலோத்தமதாசரிடம் பணித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

தாசருக்கு அது எளிதாயிருக்கவில்லை. பல்லக்கில் வந்த அதிகாரியின் செவியில் விழும்படி திருவிருத்தத்தின் முதற் பாசுரத்தைச் சொன்னார். அவர் பொருள் கேட்க, தாசர் சொல்லாமல் உமிழ்ந்தாராம்! காவலர் கை ஓங்கினர், திருமலையாழ்வாரே தடுத்தார். பின்பு அவரே தாசரைத் தேடி வந்து பாடம் கேட்கலானார். ராஜகாரியத்தின் நெருக்கடியில் பாடம் தவறிற்று. தாசரும் வருவதை நிறுத்திவிட்டார். அதிகாரி அபராதக்ஷமை வேண்டினார். பாடம் மறுபடி தொடங்கிற்று. நாளடைவில் பதவியையும் துறந்தார். அவரே திருவாய்மொழிப் பிள்ளை. காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணியவர் அவர்.

அழகிய மணவாளனோ மலைநாடு, மேல்கோட்டை, திருமலை என ஊர்தோறும் தங்கி, 48 ஆண்டுகளுக்குப் பின், 1371ஆம் ஆண்டில் கோபணாரியருடைய முயற்சியால் திருவரங்கம் மீண்டார். அங்கும் ஒரு சோதனை காத்திருந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தமையால் எவர் முன்னவர் என்று தெரியவில்லை. கண்டறிந்த முதியோர் மாண்டிருந்தனர். கண்பார்வையற்ற முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து, 'இவரே நம்பெருமாள்' என்றார். அதுவே திருநாமமாய் நிலைத்தது. ஆகமம் கற்றோர் திகைத்த இடத்தில் ஆடை வெளுத்த கைங்கர்யபரர் வழி காட்டினார்!

அதற்கு முந்தின ஆண்டான 1370இல் ஆழ்வார்திருநகரியில் ஒரு குழந்தை அவதரித்திருந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்த மணவாள மாமுனிகள். திருவரங்கத்தில் நம்பெருமாள் தம் உத்ஸவங்களையும் நிறுத்தி, ஏறத்தாழ ஓராண்டு மாமுனிகளிடம் ஈடு முப்பத்தாறாயிரம் கேட்டருளினார். ஜ்யோதிஷ்குடியில் முதியவர் கண்மூடியபோது இவற்றில் ஒன்றும் அவர் கண்டதில்லை.