வழக்கும் தலைப்பும்

நம் பட்டிமன்றத் தலைப்புகளில் ஒரு 'ஆ' தவறாமல் வரும். ஆணா, பெண்ணா, கண்ணகியா, மாதவியா, மதுரையா, சிதம்பரமா. ஓர் எழுத்துதான். ஆனால் இரண்டு விஷயங்களை எடுத்துத் தராசின் இரு தட்டுகளில் வைத்து, அவை எப்போதும் அப்படியே சமமாகத் தொங்கிக்கொண்டிருந்தவை என்ற பாவனையை அது உண்டாக்கிவிடுகிறது. தட்டில் ஏறுமுன் எது மேலே இருந்தது, எது கீழே கிடந்தது என்பது மறந்துபோகிறது.

நானே நடுவராக உட்கார்ந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. மதுரைக்கு மேற்கே, பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் நண்பர் தமிழாசிரியராக இருக்கிறார். வரவேண்டிய நடுவர் வரவில்லை; 'நீங்கதான் எழுதுறவராச்சே' என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். பதினோராம் வகுப்பு. கரும்பலகையில், 'இல்லறம் சிறப்பது மதுரை ஆட்சியிலா, சிதம்பர ஆட்சியிலா?' மனைவி சொல் நடக்கும் வீடு மதுரை, கணவன் சொல் நடக்கும் வீடு சிதம்பரம் என்பது நம்மிடையே உள்ள பழைய கேலி. அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தார்கள்.

மதுரைக்குப் பேசிய பையன் கெட்டிக்காரன். மீனாட்சியின் திக்விஜயத்தில் தொடங்கி ஔவை, வேலுநாச்சியார், கல்பனா சாவ்லா என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். நல்ல கைதட்டல். சிதம்பரம் ஒரு பெண்ணுக்கு விழுந்திருந்தது. கையில் காகிதம் இல்லாமல் வந்து நின்று அவள் பேசியது இவ்வளவுதான்:

'நடுவர் அவர்களே, எங்கள் வீட்டில் அப்பா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதனால் சண்டையும் கிடையாது. அம்மா நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள், அதில் சண்டை இல்லை. கடைசியில் சாப்பிடுகிறார்கள், அதிலும் இல்லை. அக்காவைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள். சண்டை இல்லாத வீடே நல்ல இல்லறம் என்றால் எங்கள் வீடு நல்ல இல்லறம். ஆகவே சிதம்பர ஆட்சியே சிறந்தது என்று கூறி விடைபெறுகிறேன்.'

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் கிண்டல் செய்தாளா, அல்லது சீட்டில் விழுந்த அணிக்கு விசுவாசமாக வாதாடினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் முன்னால் இருந்த தாளில் மூன்று கட்டங்கள்: கருத்து, குரல், மேற்கோள். அவள் ஒரு மேற்கோளும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். முதல் பரிசு பையனுக்கு. இல்லறம் என்ற வண்டிக்கு இரு சக்கரமும் தேவை என்று தீர்ப்புச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் சங்கடம் ஆரம்பித்தது.

வகுப்பறை விவாதத்தை ஒரேயடியாக நிராகரிக்கவேண்டும் என்பதல்ல என் கட்சி. தனதல்லாத பக்கத்தில் நின்று பேசுவது கற்பனைக்கு நல்ல பயிற்சி. ஒரு பையன் கால் மணி நேரம் பெண்ணின் பக்கம் நின்று யோசிப்பது லேசான காரியமல்ல. ஆனால் அந்தப் பையன் யோசிக்கவில்லை. தெய்வங்களையும் வீராங்கனைகளையும் வரிசையாக நிறுத்தினான்; அவர்களுக்குப் பின்னால் அவனுடைய அம்மா தெரியவே இல்லை. கேலிக்கு ஆதாரமான கோயிலிலேயே கணக்கு வேறு என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. சித்திரையில் முடிசூடும் மீனாட்சியிடம் செங்கோல் இருப்பது நாலு மாதம். ஆவணியில் அது சுந்தரேசுவரர் கைக்குப் போய் எட்டு மாதம் அங்கே இருக்கிறது. அவன் பேசி இழந்தது எதுவுமில்லை. அவளோ தன் வீட்டைத் திறந்து காட்டிவிட்டு, அதே வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பிப்போக வேண்டியவள். இந்த இருவரையும் சம போட்டியாளர்கள் என்று நான் வைத்ததுதான் பிழை.

மணிமேகலை சொல்லும் பட்டிமண்டபத்தில் ஏறியவர்கள் தத்தம் சமயத்தை வாதாட ஏறியவர்கள். யாருக்கும் சமயம் சீட்டில் விழவில்லை. அதைவிட முக்கியமாக, இதே மதுரையில் ஒரு பெண் அரசவையில் வாதாடிய கதை நம்மிடம் இருக்கிறது. வழக்குரை காதையில் கண்ணகி ஜெயிப்பது குரல் வளத்தால் அல்ல, மேற்கோளால் அல்ல, சிலம்பை உடைத்ததால். உள்ளே இருந்தது முத்தல்ல, மாணிக்கம். பாண்டியனும் அங்கே 'இரு பக்கமும் நியாயம் உண்டு' என்று சொல்லித் தப்பிக்கவில்லை. தன் தீர்ப்பு தவறு என்று கண்டதும் உயிரை விட்டான். அந்தக் கண்ணகியை நாம் என்ன செய்தோம்? கற்பில் சிறந்தவள் அவளா, மாதவியா என்று தலைப்பாக்கினோம். வழக்காடியவள் விவாதப் பொருளாகிவிட்டாள். அந்த வகுப்பில் நான் செய்ததும் இதுவே. அவள் சிலம்பை உடைத்தாள். நான் உச்சரிப்புக்கு மதிப்பெண் போட்டேன்.

'இருவரும் சமம்' என்ற தீர்ப்பு ஏன் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது? அதைச் சொல்வதால் யார் வீட்டிலும் எதுவும் மாறவேண்டியதில்லை என்பதால்தான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. அதுவும் அதற்குமுன் மணமானவர்களை விட்டுவிட்டு. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. ஆக, நடுவரின் தீர்ப்பு சட்டமாகவே இருக்கிறது. ஆனால் அடமானக் கடனுக்காக என் மேஜைக்கு வரும் பத்திரக் கட்டுகளைப் பிரித்தால், மூலப்பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவில் அடிக்கடி ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. அக்காவும் தங்கையும் தம் பாகத்தைச் சகோதரனுக்கு மனப்பூர்வமாக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கும். கையெழுத்துகள் சரியாக இருக்கும். கடன் கொடுக்கத் தடையில்லை. சண்டை இல்லாத வீடுகள்.

நண்பருக்கு ஒரு யோசனை எழுதினேன். அடுத்த முறை தலைப்பில் அந்த 'ஆ' வேண்டாம். யார், எப்போது, எவ்வளவு என்ற கேள்விகள் போதும். வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? படிப்பை நிறுத்தியது யாருடையதை? பட்டா யார் பெயரில்? அத்தைமார் எப்போது கையெழுத்துப் போட்டார்கள்? பையன்களும் பெண்களும் விசாரித்து வந்து சொல்லட்டும். அணி வேண்டாம், பரிசு வேண்டாம், நடுவரும் வேண்டாம்.

'இதையெல்லாம் கேட்டால் வீடுகளில் சண்டை வரும்' என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். எனக்கு மறுப்பு எழுதத் தோன்றவில்லை. அந்தப் பெண் சொன்னதும் அதுதான்.