வல்லவனுக்குப் புல் மட்டும் போதுமா?

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தெருவில் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் உரக்கப் பேசும் பழக்கம் உண்டு. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே! அந்தத் தெருக்களில் ஒரு தறி செட்டில் சில வருடம் கூலிக் கணக்கு எழுதினேன். நன்றாக வேலை செய்கிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை அந்த நோட்டுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அங்கே கைதேர்ந்த நெசவாளி ஒருவர் இருந்தார். வாரக் கூலியில் அவர் பெயருக்கு நேரேதான் பெரிய தொகை இருக்கவேண்டும். பல வாரம் இருக்காது. புது டிசைன் வந்தால் அவர் தறிக்குப் போகும். கஞ்சி சரியாக ஏறாத பாவு வந்தாலும் அவருக்குத்தான். அப்படிப்பட்ட பாவில் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து, மறுபடி ஓட்டவேண்டும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நின்ற தறிக்குக் காசு கிடையாது. இதற்கு நடுவே பக்கத்துத் தறியில் நாடா மாட்டிக்கொண்டால் கூப்பிடுவதும் அவரைத்தான்.

"அவன்ட்ட குடுங்க, அவன் பாத்துக்கிடுவான்" என்பார் முதலாளி. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. உண்மையான மதிப்போடுதான் சொல்வார். சனிக்கிழமை கூலி வாங்கும்போது அந்த நெசவாளி நோட்டை ஒரு பார்வை பார்ப்பார். "பாவு சரியில்லைல்லா அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஒரு நாள் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார். "நல்லாத்தான இருந்தான்? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்று முதலாளி மாய்ந்து மாய்ந்து புலம்பினார். வாய் திறந்து கேட்காத ஆளிடம் தான்தான் போய்க் கேட்டிருக்கவேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

இது தறி செட்டோடு முடிகிற கதையா? பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பாடம் நடத்துகிற ஆசிரியைதான் ஆண்டு விழாவையும் நடத்துவார், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ரிஜிஸ்டரையும் சரிபார்ப்பார். வங்கியில் வேகமாக வேலை பார்க்கிறவர் கவுண்டரில்தான் வரிசை நீளும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று அவர்களைத் தட்டிக்கொடுப்போம். அந்தப் பழமொழி வல்லவனின் திறமையைப் பற்றியது. நாமோ அவன் கையில் புல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதற்கு அதைச் சாக்காக வைத்துக்கொண்டோம்.

இப்படி நடக்காத ஓர் அலுவலகமும் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. 1912 மார்ச் 1 அன்று, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். பெயர் ராமானுஜன். ராமானுஜனைக் கண்டுபிடித்தவர் என்று ஹார்டியைச் சொல்வோம். அந்தக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞருக்குக் கடிதம் போனது 1913 ஜனவரியில். அதற்கு முன்பே ராமானுஜனின் மேலதிகாரி நாராயண ஐயர் அவரைக் கண்டுகொண்டிருந்தார். அவரும் கணிதம் படித்தவர், திருச்சியில் கணித ஆசிரியராக இருந்தவர். இரவில் திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் இரண்டே வரியில் தாண்டிப்போவதை, நடுவில் பத்து வரியாவது எழுதிக் காட்டும்படி நாராயண ஐயர் கேட்டுக்கொள்வார் என்றும் சொல்வார்கள். தனக்குக் கீழே வேலை பார்க்கும் இளைஞனிடம் "எனக்குப் புரியவில்லை, விளக்கு" என்று ஓர் அதிகாரி சொல்வது லேசான காரியமா? அப்படி விளக்கி எழுதிய பக்கங்களைத்தான் பிறர் படிக்க முடியும்.

நாராயண ஐயருக்கு மேலே போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இருந்தார். பொறியாளர். ராமானுஜன் எழுதியதன் ஆழத்தை அளக்கத் தன்னால் ஆகாது என்பதால், அளக்கத் தெரிந்தவர்களைத் தேடினார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது ராமானுஜனைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொன்னார். கணிதம் தெரிந்த வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். அந்த மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. வேலை போகாமல் இருக்க, போர்ட் டிரஸ்டில் சம்பளமில்லா விடுப்பும் கிடைத்தது. ஒரு குமாஸ்தா போனால் அவர் இடத்தில் வேறு ஒருவர் பேரேடு எழுதிக்கொள்ளலாம் என்று ஓர் அலுவலகம் முடிவுசெய்தது. நல்ல ஆளை இழக்கத் தயாராக இருந்த அந்த மனசுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மில் பலர் நல்ல ஆளின் விண்ணப்பத்தை "இவர் இல்லாமல் இங்கே ஓடாது" என்று எழுதித் திருப்பி அனுப்புவோம்.

கதையின் மறுபாதி கேம்பிரிட்ஜில் நடந்தது. 1914 ஏப்ரலில் ராமானுஜன் அங்கே போனார். ஹார்டி அவருடைய மேதைமையை அறிந்தவர். தன் நேரத்தைக் கொட்டிக்கொடுத்தவர். ஆனால் அடுத்தவர் சொந்த விஷயத்தில் நுழையக் கூச்சப்படுகிற மனிதர். அந்த ஆகஸ்டிலேயே போர் மூண்டது. சுத்த சைவமான ராமானுஜன் அறையில் தனியே சமைத்துச் சாப்பிட்டார். 1917-ல் நோயில் விழுந்தார். 1918-ன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விடப் பார்த்தார். அதே ஆண்டுதான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. 1920-ல் 32 வயதில் இறந்தார். போரும் நோயும் ஹார்டியின் குற்றம் அல்ல. ஆனாலும் திறமையைப் பார்க்கிற கண் ஆளையும் பார்த்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது. நம் ஊரில் படிப்பறியாத பாட்டிகூட வந்தவரிடம் முதலில் "சாப்டியாய்யா?" என்றுதான் கேட்பாள். மேலதிகாரி கேட்கவேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

எங்கள் வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் சென்னிகுளம். அங்கே பிறந்த அண்ணாமலை ரெட்டியார் திருவாவடுதுறையில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரைத் தம் அவையில் வைத்துக்கொண்டார். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச்சிந்து இன்றைக்கும் கச்சேரி மேடையில் ஒலிக்கிறது. ரெட்டியாருக்கு ஆயுள் 26 வருடம்தான். ஜமீன்தார் கொடுத்தது சோறும் துணியும் மட்டும் இல்லை. தமிழ் தெரிந்த காது ஒன்றையும் கொடுத்தார். ஒரு பாட்டு எங்கே நிமிர்கிறது, எங்கே தொய்கிறது என்று புரிந்து தலையாட்டும் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பது பரிசுப் பணத்தைவிட அபூர்வம்.

"அதான் பிரமோஷன் கொடுக்கிறோமே" என்பார்கள். நல்ல நெசவாளியை மேஸ்திரியாக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். செட்டுக்கு ஒரு நல்ல கை குறையும், ஆள் வேலை வாங்கத் தெரியாத மேஸ்திரி ஒருவர் கூடுவார். வேலையை நேசிக்கிறவரை வேலையிலிருந்தே கிளப்பி நாற்காலியில் உட்காரவைப்பதுதான் மரியாதை என்று யார் சொன்னது? எங்கள் தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்துக்கு அலுவலகம் உண்டு. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானி ஆனார். நிறுவனருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. கைவேலைக்காரருக்கும் நாம் அதை ஏற்படுத்திக் கொடுக்கலாம். தறியிலேயே இருக்கட்டும், கூலி மட்டும் மேஸ்திரிக்குச் சமமாக ஏறட்டும்.

மற்றவர்கள் மனம் கோணாதா? கோணும், செல்லம் கொடுத்தால். மோசமான பாவு வந்தால் முறைவைத்துப் பங்கிடுவது செல்லமாகாது. அடுத்தவர் தறியைச் சரிசெய்யப் போன நேரத்துக்கும் கூலி எழுதுவது சலுகையாகாது. இரண்டுமே நியாயம். முறைவைத்தால் மற்றவர்களும் சிக்கலான வேலையைத் தொட்டுப் பழகுவார்கள். ஒரே ஆளை நம்பி ஒரு செட் ஓடினால் அந்த ஆளுக்கும் ஆபத்து, செட்டுக்கும் ஆபத்து.

திறமைசாலிகள் முறையிடுவதில்லை. முடியாது என்று சொல்வது அவர்களுக்குத் தோற்றதுபோல இருக்கும். அதனால் கணக்குப் பார்க்கவேண்டியது கொடுக்கிறவர் பக்கம்தான். நம்மிடம் நன்றாக வேலை செய்யும் ஒருவரிடம் இன்னொரு பொறுப்பை நீட்டும்போது, அவர் கையிலிருந்து எதை வாங்கிக்கொள்ளப்போகிறோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பொறுப்பை நீட்டவே கூடாது.