பலித்த வதந்தி

ஒருவன் ஆதாரம் எதுவும் இல்லாமல் ஒரு பழியைச் சொல்கிறான். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பழியில் பெரும் பகுதி உண்மை என்று தெரியவருகிறது. அன்று அவன் சொன்னது நியாயம்தானா?

"பலித்துவிட்டதே, இனிமேல் என்ன கேள்வி?" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் பட்டாலும் மாங்காய் விழத்தான் செய்யும். அதற்காக எறிந்தவனைக் குறி தவறாதவன் என்று ஊர் கொண்டாடுமா?

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தபோது கூடவே வந்து சேர்ந்த ஒரு வதந்தியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். இந்தப் பெட்டிக்குள் சர்க்காரின் கண் இருக்கிறது, நீ எழுதுவதை அது படிக்கிறது, நீ தூங்கும்போதும் விழித்திருக்கிறது என்ற வதந்தி. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அந்த சர்க்காரே அவலும் கொடுத்தது. 1993-ஆம் ஆண்டு, தொலைபேசிப் பேச்சை ரகசியமாக்கும் 'கிளிப்பர்' என்ற ஒரு சில்லை அது முன்வைத்தது. பேச்சைப் பிறர் கேட்க முடியாது. ஆனால் பூட்டைத் திறக்கும் சாவி மட்டும் சர்க்கார் இலாகாக்களிடம் பத்திரமாக இருக்கும்! மக்கள் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. சந்தேகம் மட்டும் கைவிடப்படவில்லை.

1999-இல் அதற்கு ஒரு திருவிழாவே வந்தது. மைக்ரோஸாப்ட் கம்பெனி தன்னுடைய விண்டோஸ் என்.டி.க்கு வெளியிட்ட ஒரு திருத்தத்தில், வழக்கமாக அழித்துவிடும் உள்பெயர்களை அழிக்காமல் விட்டுவிட்டது. பாதுகாப்பு நிபுணர் ஒருவர் அதைக் கிளறிப் பார்த்தபோது இரண்டு சாவிகள் தென்பட்டன. சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல. சங்கேத வேலை செய்யும் பகுதிகள் அசலானவைதாமா என்று சரிபார்க்கும் நீண்ட எண். இரண்டாவது சாவியின் பெயரிலேயே 'என்.எஸ்.ஏ.' என்ற மூன்று எழுத்துக்கள் இருந்தன. அமெரிக்காவின் மிகப் பெரிய ஒட்டுக்கேட்கும் ஸ்தாபனத்தின் பெயர் அது. கேட்க வேண்டுமா? உலகம் முழுவதும் பற்றிக்கொண்டது.

கம்பெனி விளக்கம் சொன்னது. ஏற்றுமதிச் சட்டப்படி இந்த விஷயங்களை அந்த ஸ்தாபனம் பரிசீலிக்கிறது, அதனால் வந்த பெயர். சாவி எங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் சாவி தொலைந்தால் உதவுவதற்காக இரண்டாவது என்றது. பெயர் வைத்தவருடைய அசட்டுத்தனத்தை என்னவென்று சொல்வது! ஆனால் கள்ளச் சாவி செய்கிறவன் அதில் தன் பெயரைப் பொறித்து வைப்பானா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தச் சாவி ஒற்று வேலைக்குப் பயன்பட்டது என்பதற்கு இன்றுவரை சான்று வெளிவரவில்லை.

பிறகு 2013 ஜூன் மாதம் வந்தது. என்.எஸ்.ஏ.க்கு ஒப்பந்த வேலை செய்த எட்வர்ட் ஸ்நோடன் என்ற இளைஞர் ரகசியப் பத்திரங்களைப் பத்திரிகையாளர் கையில் கொடுத்தார். வெளிநாட்டாரைக் குறிவைத்து, பெரிய அமெரிக்கக் கம்பெனிகளிடமிருந்து கடிதங்களையும் படங்களையும் பெறும் 'பிரிஸம்' என்ற ஏற்பாடு வெளிச்சத்துக்கு வந்தது. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் யாரோடு எப்போது தொலைபேசியில் பேசினார்கள் என்ற கணக்கு நாள்தோறும் எடுக்கப்பட்டதும் தெரிந்தது. "நான் அப்போதே சொன்னேனே!" என்ற குரல் எழாத ஊர் இல்லை.

சொன்னார்கள்; மறுக்கவில்லை. ஆனால் எதைச் சொன்னார்கள்? பெட்டிக்குள் கண் இருக்கிறது என்றார்கள். தனிப்பட்ட சிலரின் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒற்றர்கள் புகுந்ததும் உண்டுதான். ஆனால் கோடிக்கணக்கானவர்களின் விஷயங்கள் போன வழி அதுவல்ல. கம்பெனிகளின் கிடங்கிலிருந்தும், கடலடியில் ஓடும் கேபிள்களிலிருந்தும் அவை எடுக்கப்பட்டன. இவர்கள் கட்டிலுக்கு அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு திருடனைத் தேடினார்கள். கடிதங்களோ தபால் நிலையத்தில் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

பிரிட்டிஷ் ஒற்று ஸ்தாபனமான ஜி.சி.எச்.க்யூ.வின் கதை இன்னும் கூர்மையானது. 'ஆப்டிக் நெர்வ்' என்ற அதன் திட்டம் 2014 பிப்ரவரியில் அம்பலமாயிற்று. யாஹூ மூலம் முகம் பார்த்துப் பேசிக்கொண்டவர்களின் படங்களை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக அது சேர்த்து வைத்தது. 2008-இல் ஆறு மாதத்தில் மட்டும் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள்! பிறர் பார்க்கக் கூடாத கோலங்களும் அவற்றில் இருந்தன. அந்தக் காமிராக்களை ஒற்றன் திறக்கவில்லை. மனைவியைப் பார்க்க ஆசைப்பட்ட கணவனும், காதலனுக்குக் காத்திருந்த பெண்ணும் தாமே திறந்து வைத்தார்கள். கதை எழுதுகிறவனுக்குப் பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதே தொழில். அப்படிப்பட்ட எனக்கே இதைப் படித்தபோது உடம்பு கூசிற்று.

யாரும் இல்லாதபோது தானே திறக்கும் கண் ஒன்றும் உண்மையில் இருந்தது. ஆனால் அதன் பின்னால் நின்றது ஒற்று ஸ்தாபனம் அல்ல, பள்ளிக்கூடம்! பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்கள், திருட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்கென்று வைத்த ஏற்பாட்டினால், வீட்டிலிருந்த பிள்ளைகளையே படம் எடுத்தன. 2010-இல் வழக்கு வந்தது. திரைப் படங்களும் சேர்ந்து பல்லாயிரம் படங்கள். 6,10,000 டாலர் கொடுத்துச் சமாதானம் ஆயிற்று. உளவு ஸ்தாபனத்தை மட்டுமே சந்தேகித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தைச் சந்தேகித்தார்கள்? வதந்தியின் பெரிய தீங்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஜாக்கிரதையாக இருப்பதுபோல ஒரு திருப்தியைக் கொடுத்துவிட்டு, பார்க்க வேண்டிய திசையிலிருந்து நம் முகத்தைத் திருப்பிவிடுகிறது.

அப்படியானால் சிரித்தவர்கள் கட்சி வென்றதா? அதுவும் இல்லை. 2013 மார்ச்சில் அமெரிக்க செனட் சபையில் ஒரு கேள்வி எழுந்தது. கோடிக்கணக்கான அமெரிக்கரைப் பற்றிய விவரங்களைச் சேகரிக்கிறீர்களா என்று உளவுத் துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரைக் கேட்டார்கள். இல்லை, தெரிந்து செய்வதில்லை என்றார் அவர். மூன்று மாதம் முடிவதற்குள் அந்த வார்த்தை பொய்த்தது. "பெரிய பதவியில் இருப்பவர் மறுத்துவிட்டாரே" என்பதைத் தவிர, சிரித்தவர்கள் கையில் வேறு என்ன சான்று இருந்தது? ஆராயாமல் நம்பியவனுக்கும் ஆராயாமல் சிரித்தவனுக்கும் நடுவே நான் பெரிய தூரத்தைக் காணவில்லை. ஒருவன் பயத்தை நம்பினான், மற்றவன் பதவியை நம்பினான்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. வள்ளுவர் ஒற்றை வெறுத்தவர் அல்லர். அரசனுக்கு அது ஒரு கண் என்று கருதியவர். ஆனாலும் ஒரே ஒற்றன் சொன்னதை நம்ப அவர் அனுமதிக்கவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால்தான் கொள்ளலாம் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வதந்தியை நாம் மூன்று பேரிடம் அல்ல, முப்பது பேரிடம் கேட்கிறோம். முப்பது பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டவர்கள். அரசனுக்கு அவர் விதித்த நிபந்தனை குடிமகனுக்கும் பொருந்தாதா?

பொருந்தும். ஆனால் ஒரு தடை இருக்கிறது. அரசன் மூன்று ஒற்றர்களை அனுப்பலாம். குடிமகன் யாரை அனுப்புவான்? சான்றுகள் எல்லாம் சர்க்காரின் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியின் சாவியும் அங்கேதான். ஆதாரம் கேட்பவனிடம் 'ரகசியம்' என்று சொல்லிவிட்டு, ஆதாரமில்லாமல் பேசுகிறவனை 'வதந்தி பரப்புகிறான்' என்று ஏசுவது என்ன நியாயம்? இதில் சர்க்காரின் பங்கை நான் முதலில் எழுதுவேன். அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு வந்துவிடாது. "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல அவனுக்குப் பூரண உரிமை உண்டு. "எனக்குத் தெரியும்" என்று சொல்லத்தான் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் நிற்பது கஷ்டம். நின்றவர்களும் இருந்தார்கள். பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வெளியிட்ட பத்திரிகையாளர்கள் அங்கேதான் நின்றார்கள்.

கம்ப்யூட்டரின் காமிராத் துளைமேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவைக்கும் வழக்கம் சிலரிடம் வெகுநாளாக உண்டு. வீட்டிலுள்ள பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 2016-இல் பேஸ்புக் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு புகைப்படத்தில் பின்னால் அவருடைய கம்ப்யூட்டர் தெரிந்தது. அதன் காமிராமேல் நாடா. அதே ஆண்டு எப்.பி.ஐ.யின் தலைவராயிருந்த ஜேம்ஸ் கோமி, தாமும் அப்படி ஒட்டியிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. காமிராக்களைப் பற்றிப் புதிய உண்மை எதுவும் அந்த இரண்டு நாடாக்களிலும் இல்லை. ஒட்டியவர்கள்தாம் வேறு.